பெயருக்குக் காத்திருந்த மணற்சிலந்தி

போன மாதம் நிரோஷினி என்னைப் பழைய ஆய்வுகூடத்துக்கு வரச்சொல்லியிருந்தாள். நான் ஓய்வு பெறும்வரை என்னுடன் வேலை செய்தவள் அவள். கண்டி டவுனில் பிறந்து வளர்ந்த பிள்ளை, இப்போது விரிவுரையாளர். புது இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது, ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள். அக்குறணைச் சந்தியில் பஸ் ஏறிப் போனேன்.

இயந்திரம் சின்னதுதான். ஒரு மேசையின் மூலையில் அடங்கிவிட்டது.

"இதுக்கு முழுச் சிலந்தி தேவையில்ல மேடம். ஒரு கால் இருந்தாப் போதும். அதுல இருந்து மரபணுவை எடுத்து, புது இனமா பழைய இனமான்னு சொல்லிரலாம். ஆணா பொண்ணா, குஞ்சா பெருசான்னு பார்க்கவே தேவையில்ல. ஆண் கிடைக்கட்டும்னு வருசக்கணக்கா காத்துக்கிட்டு இருந்தீங்களாமே, அதெல்லாம் இனி இல்ல" என்று உற்சாகமாகச் சொன்னாள்.

நான் பக்கத்திலிருந்த கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மேடம், ஒடம்புக்கு முடியலையா?"

"ஒண்டுமில்ல. பேராசிரியர நெனச்சேன்."

அவளுக்குப் பேராசிரியர் இராசநாயகத்தைத் தெரியாது. அவர் எழுதிய கட்டுரைகளை மட்டும் தெரியும். "மணற்சிலந்தி கதைய எழுதுங்க மேடம். எங்களுக்கு அதோட பேரு மட்டும்தான் தெரியும்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பரீனா. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அக்குறணையில். விலங்கியல் படித்து முடித்ததும் சிலந்திச் சேகரிப்புக்கு உதவி ஆய்வாளராக ஆள் தேவை என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. உம்மாதான், "படிச்சுப் படிச்சுப் போய்ச் சிலந்தியப் புடிக்கிற வேலையா?" என்று தலையில் கைவைத்தார். சிலந்திகளைப் போத்தலில் மதுசாரம் ஊற்றித்தான் வைப்போம். அந்த வாசம் உடுப்போடு வீடுவரைக்கும் வரும். அக்குறணை பஸ்ஸில் முக்காடு போட்ட பெண்ணிடமிருந்து அப்படி வாசம் வந்தால் சனம் என்ன நினைக்கும்? முதல் இரண்டு வருடம் பையில் ஒரு மாற்று உடுப்பு வைத்திருந்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

வேலையை எனக்குக் கற்றுத் தந்தவர் பேராசிரியர். யாழ்ப்பாணத்து மனிதர், உயரம், மெலிவு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிழையைக் கண்டால் ஏச மாட்டார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டு, "இன்னொருக்கா பாருங்கோ, பிள்ளை" என்பார். அந்தக் கண்ணாடி கழன்றாலே நான் முதலிலிருந்து தொடங்கிவிடுவேன். போத்தலுக்குள் போடும் சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனை மை கரைந்து போய்விடும். சிலந்தியை ஊசியால் தொடவே கூடாது, மெல்லிய தூரிகையால்தான் திருப்ப வேண்டும். பார்த்ததை உடனே வரைய வேண்டும். வரைந்த பிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். "முதல் தடவை நாங்கள் பாக்கிறது எங்கட மனசில இருக்கிறதை. ரெண்டாந்தரம்தான் சிலந்தியைப் பாக்கிறம்" என்பார்.

வெளித்தோற்றத்தைக் கொண்டு சிலந்தி இனங்களைப் பிரிக்க முடியாது. ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே ரோமம் என்றிருக்கும், ஆனால் இரண்டு வேறு இனமாக இருக்கும். ஆணுக்கு வாயருகே குட்டிக் கைகள் மாதிரி இரண்டு உறுப்புகள் உண்டு. அவற்றின் நுனி இனத்துக்கு இனம் வேறுபடும். பெண்ணின் வயிற்றுக்கடியில் உள்ள உறுப்பு அதற்குப் பொருந்தும்படி அமைந்திருக்கும். ஒன்று பூட்டு, மற்றது அதற்கான திறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் உறுப்பை வெட்டியெடுத்துக் கராம்பு எண்ணெயில் ஊறப்போட்டால் அது கண்ணாடி போலத் தெளியும். நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தால் உள்ளே உள்ள குழாய்களெல்லாம் தெரியும். கராம்பு எண்ணெய் ஏலமும் கறுவாவும் விற்கும் என் கணவர் நிஸாமின் வாசனைத் திரவியக் கடையிலிருந்துதான் வரும். "உங்கட சேர் இத என்னத்துக்கு இவ்வளவு கேக்கிற? பல்லு வலியா?" என்று அவர் கேட்பார். சிலந்தியின் அந்த இடத்தைத் தெளியவைக்க என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

பேராசிரியரின் அலுமாரியில், மேல்தட்டின் ஓரத்தில், ஒரு போத்தல் தனியாக இருந்தது. உள்ளே ஒரேயொரு பெண் சிலந்தி, வெளிறிய மணல்நிறம். யுத்தம் தொடங்குவதற்கு முன், அவர் இளம் விரிவுரையாளராக இருந்தபோது, வடக்கில் கரையோர மணற்குன்றுகளில் பிடித்தது. இந்த நாட்டில் பாலைவனம் இல்லை என்றுதான் பாடசாலையில் படித்தோம். ஆனால் அந்தக் குன்றுகளில் நின்றால் அப்படிச் சொல்லத் தோன்றாது. ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அரிய சிலந்திகளைப் பிடித்து விற்கிறவர்கள் இருப்பதால், இடத்தை மறைப்பது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். இப்போது மறைத்து ஆகப்போவது அதிகமில்லை. என்றாலும் பழக்கம் விடவில்லை.

அது புது இனம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. ஆனாலும் அவர் பெயர் வைக்கவில்லை.

"ஆண் இல்லாமல் நான் எழுதமாட்டன், பிள்ளை."

காரணம் இருந்தது. இளம் வயதில் ஒரு பெண் சிலந்தியை மட்டும் வைத்து அவர் ஒரு புது இனத்தை அறிவித்திருந்தார். சில வருடம் கழித்து, அதே சிலந்தியின் ஆணை இந்தியாவில் யாரோ எப்போதோ பிடித்து வேறு பெயரில் எழுதியிருந்தது தெரியவந்தது. அவர் வைத்த பெயர் செல்லாமல் போயிற்று. இன்றைக்கும் புத்தகங்களில் அந்தப் பெயர் 'தவறு' என்ற குறிப்போடுதான் இருக்கிறது. அதை என்னிடம் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், வெகுநேரம் திரும்பப் போடவில்லை.

யுத்தம் நடந்த காலமெல்லாம் அந்தக் குன்றுகளுக்குப் போக வழியில்லை. முடிந்த பிறகும் கண்ணிவெடி அகற்றும்வரை காத்திருந்தோம். கடைசியில் ஒரு நாள், பேராசிரியரும் நானும் சாரதியும் ஒரு வேனில் கண்டியிலிருந்து விடியவே வெளிக்கிட்டோம். பேராசிரியர் ஓய்வு பெற இன்னும் சில வருடங்களே இருந்தன.

குன்றில் ஏறியதும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். காற்று மணலை வரிவரியாக இழுத்துக்கொண்டிருந்தது. அங்கங்கே இராவணன்மீசைப் புல். வேறொன்றும் இல்லை. அந்தச் சிலந்தி மணலில் குழாய் போல வளை தோண்டி, உள்ளே பட்டு நூலால் சுவர் கட்டி, வாயில் ஒரு மூடி செய்து வைக்கும். மூடியின் மேல் மணலை ஒட்டிவைத்திருக்கும். அதன் மேலேயே நடந்து போனாலும் தெரியாது. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் குனிந்து பார்த்தால்தான் காசளவில் ஒரு வட்டக் கோடு தெரியும். அன்று பின்னேரம் முழுக்க நாங்கள் முழங்காலில் நின்று தேடினோம்.

"பிள்ளை, இஞ்ச வாங்கோ" என்று அவர் கூப்பிட்டார். மூடியை ஊசிநுனியால் தூக்கப் பார்த்தார். உள்ளிருந்து அது இழுத்துப் பிடித்தது. "விடமாட்டனெண்டு நிக்கிறா" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

சில பெண் சிலந்திகளை மதுசாரத்தில் போட்டோம். வளர்ந்த பெண் ஒன்றை வளையோடு தோண்டியெடுத்து, குஞ்சுகள் சிலவற்றோடு உயிருடன் கண்டிக்குக் கொண்டுவந்தோம். இந்தச் சிலந்தியின் குஞ்சுகளில் ஆண் எது, பெண் எது என்று சொல்ல முடியாது. கடைசித் தோலை உரித்த பிறகுதான் தெரியும், அதற்குப் பல வருடங்கள் ஆகும். ஆண் வளர்ந்ததும் வளையை விட்டுவிடும். மாரிக்காலத்தின் முதல் மழைக்குப் பிறகு மணலில் அலைந்து பெண்ணைத் தேடும். கொஞ்ச நாளில் செத்துப்போகும். அந்த நாட்களில் அங்கே இருந்தால்தான் ஆணைப் பிடிக்கலாம். அடுத்த மாரிக்குப் போனோம், மழை பிந்திவிட்டது. அதற்கடுத்த மாரிக்குப் பாதை வெள்ளத்தில் மூடியிருந்தது.

அப்போதுதான் மணல் அள்ளும் பேச்சு வந்தது. குன்றுகள் இருந்த காணியிலிருந்து மணல் எடுக்க ஒரு கட்டுமானக் கம்பனி அனுமதி கேட்டிருந்தது. ஆட்சேபனை உள்ளவர்கள் வரலாம் என்று கூட்டம் வைத்தார்கள். நாங்கள் போனோம். பேராசிரியர் எழுந்து நின்று, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு சிலந்தி அந்தக் குன்றில் இருக்கிறது என்றார்.

தலைமை தாங்கிய அதிகாரி நல்ல மனிதர்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பூச்சிக்குப் பெயர் என்ன, சேர்?" என்றார்.

"பூச்சி இல்லை, சிலந்தி. இன்னும் பெயர் வைக்கேல்ல."

"பெயர் இல்லாத ஒன்றை நான் எப்படி எழுதுறது? பாதுகாக்கப்பட்ட இனங்கள் என்ற பட்டியலில இருக்கா?"

"பெயர் இருந்தால்தானே பட்டியலில வரும்?"

யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் உட்கார்ந்தார். திரும்பி வரும் வழியில் மாத்தளையில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது நான் கெஞ்சினேன். "சேர், பெண்ண மட்டும் வெச்சாவது எழுதிடுவோம். பெயர் ஒண்டு இருந்தா நாளைக்குக் கதைக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிழையான பெயர் எண்டால் அவங்களுக்கு அது இன்னும் வசதி, பிள்ளை. எங்களைப் பொய்யர் எண்டுவாங்கள்."

அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரைக்கும் பெரிய வருத்தம். யாரையும் குற்றம் சொல்ல முடியாதபடி எல்லாம் நடந்து முடிந்தது.

அடுத்த மாரியில் நாங்கள் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முதல் மழை முந்தின நாள்தான் பெய்திருந்தது. ஆனால் குன்று இல்லை. மட்டமான நிலத்தில் லொறிகளின் தடம், அந்தத் தடங்களில் மழைத் தண்ணீர். பேராசிரியர் வேனை விட்டு இறங்கவில்லை. நான் மட்டும் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன்.

மிச்சம் இருந்ததெல்லாம் கண்டியில், ஆய்வுகூடத்தில். கண்டியின் ஈரத்துக்கு அந்தக் குஞ்சுகள் தாக்குப்பிடிக்கவில்லை. மணலில் பூஞ்சணம் பிடித்தது. மின்குமிழ் கட்டிச் சூடு காட்டினோம், மணலைத் தாச்சியில் வறுத்து மாற்றினோம். ஒவ்வொன்றாகச் செத்தன. வளர்ந்த பெண்ணும் ஒரேயொரு குஞ்சும் தப்பின. பேராசிரியர் ஓய்வு பெற்றுக் குண்டசாலையில் ஒரு வீட்டில் இருந்தார். வாரத்தில் சில நாள் பஸ்ஸில் வந்து அந்த இரண்டு தொட்டிகளையும் பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு காலை நான் கதவைத் திறந்தபோது அந்தக் குஞ்சு வளையை விட்டு வெளியே வந்து தொட்டிச் சுவரில் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பு சிறுத்து, கால் நீண்டு, கறுத்திருந்தது. வாயருகே இரண்டு உறுப்புகளின் நுனியும் திரண்டிருந்தன. ஆண்.

தொலைபேசியில் சொன்னேன். "வாறன்" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் முச்சக்கர வண்டியில் வந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ராசா" என்றார் மெல்ல.

இப்போது என்ன செய்வது? உலகத்தில் ஒரு பெண், ஒரு ஆண். எங்களுக்குத் தெரிந்து வேறில்லை. ஆணை மதுசாரத்தில் போட்டால் பெயர் வைக்கலாம், இனம் அதோடு சரி. பெண்ணிடம் விட்டால் குஞ்சு பொரிக்கலாம். ஆனால் அவள் பிடித்துத் தின்றுவிட்டால் எதுவுமே மிஞ்சாது.

முதலில் விட்டுப்பார்ப்போம் என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தோம். ஆணைப் பெண்ணின் தொட்டியில் மெல்ல இறக்கினேன். அது மூடியைக் கண்டுபிடித்தது. முன்கால்களால் அதன் மேல் தட்டியது, நின்றது, திரும்பவும் தட்டியது. பேராசிரியர் தூரிகையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மூடி திடீரென்று திறந்தது. அவள் பாய்ந்தாள். பேராசிரியரின் தூரிகை அதைவிட வேகமாகக் குறுக்கே போனது. ஆண் பிழைத்தது, ஒரு கால் போய்விட்டது.

"அவ இப்ப சாப்பிடாமலே ஈக்கிறா சேர். இரை எடுக்கட்டும். கொஞ்ச நாள் பொறுத்து இன்னொருக்கா விடுவோம்" என்றேன்.

"கொஞ்ச நாளில இவன் தானாச் செத்துப்போவான்."

"செத்தா அப்பயும் மதுசாரத்துல போடலாமே."

"காயம் பட்டவன். இரவில செத்து, நாங்கள் காணமுன்னம் பூஞ்சணம் பிடிச்சால்? ரெண்டாந்தரம் அவ இவனை விழுங்கினால்?" அவர் தூரிகையை மேசையில் வைத்தார். "எத்தனை உயிர் பெயர் இல்லாமல் அழிஞ்சுபோகுது எண்டு ஆருக்குத் தெரியும், பிள்ளை? இது ஒண்டாவது பெயரோட போகட்டும்."

நான் மறுத்தேன். அன்று பகல் முழுக்க மறுத்தேன். இருபது வருடத்துக்கும் மேலாக அவரிடம் எதிர்த்துப் பேசாதவள் அன்று சத்தம் போட்டேன். அவர் ஏசவில்லை. பின்னேரமானதும் எழுந்தார். வழக்கமாகச் சிலந்திகளை மதுசாரத்தில் போடுவது என் வேலை.

"இதை நான் செய்யிறன். நீங்கள் வெளியில நில்லுங்கோ" என்றார்.

நான் வராந்தாவில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரைபடங்களை அவரே வரைந்தார். கட்டுரை வெளிவந்தது. வெளிநாடுகளிலிருந்து பாராட்டி எழுதினார்கள். அந்த ஆண் உறுப்பைப் போல ஒன்று இதுவரை எந்தச் சிலந்தியிலும் காணப்படவில்லை, இனம் புதிது என்பதில் மறுப்பில்லை. பேராசிரியரின் பிடிவாதம் சரி என்று உலகம் ஒத்துக்கொண்டது. பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள், அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் வந்து பெண்ணின் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வருடம் அவள் முட்டையிட்டாள். வளையின் சுவரில் பட்டுப்பையாகக் கட்டித் தொங்கவிட்டு, மூடியை உள்ளிருந்து தைத்துவிட்டாள். ஆணைச் சேராத பெண்கள் சிலவேளை இப்படி முட்டையிடுவதுண்டு. அவை பொரிக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தும் தினமும் வந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மூச்சிரைக்கப் படியேறி, "ஏதாவது?" என்பார். நான் இல்லையென்று தலையாட்டுவேன். ஒருநாள் அவள் மூடியைத் திறந்து அந்தப் பையை வெளியே தள்ளிவிட்டிருந்தாள். உள்ளே முட்டைகள் காய்ந்து சுருங்கியிருந்தன.

பேராசிரியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம், பிள்ளை" என்றார்.

"கேட்டீந்தாலும் அவ அவன முழுங்கியிருப்பா, சேர்."

"ஓம். அதுவும் நடந்திருக்கும்."

பையை மேசையில் வைத்துவிட்டு, "இவவை இனி இஞ்ச வைச்சிருக்கிறது சரியில்லை. கொண்டுபோய் விடுவம்" என்றார்.

எங்கே விடுவது? குன்றுதான் இல்லையே. ஆனால் குன்றைக் காணாத அன்று வேனிலிருந்து இறங்கி நடந்தபோது நான் ஒன்றைப் பார்த்திருந்தேன். முஸ்லிம்களை அடக்கும் பழைய மையவாடி ஒன்றின் மதிலுக்குள் மட்டும் மணல் மேடாக அப்படியே இருந்தது. யாரும் அதில் கைவைக்கத் துணியவில்லை போலும். அன்று மதிலருகே நின்று தேடியும் ஒரு மூடியும் என் கண்ணில் படவில்லை.

வளர்ந்த பெண் சிலந்தியை வெறுமனே தரையில் விட்டால் புது வளை தோண்டத் தெரியாமல் தவித்துச் சாகும். அதனால் வளையோடு கொண்டுபோக வேண்டும். அகலமான பிளாஸ்டிக் குழாயை வளையைச் சுற்றி மணலில் இறக்கி, மணல் உதிராமல் கொஞ்சம் நனைத்து, அடியில் தகடு கொடுத்து அப்படியே தூக்கினேன். கண்டியிலிருந்து அங்கே போகும்வரை அந்தக் குழாயைப் பேராசிரியர் மடியில் வைத்திருந்தார். பள்ளம் வந்தால் சாரதியை மெதுவாகப் போகச் சொன்னார்.

மையவாடியைப் பார்த்துக்கொள்கிறவர் காசிம் காக்கா, மூத்தவரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். யுத்தத்தில் ஊரை விட்டுப்போய், வயதான பிறகு திரும்பி வந்தவர். குழாயைக் கண்டதும் கதவடியில் மறித்தார்.

"இதுக்குள்ள ஒருத்தரையும் தோண்ட விடுறல்ல, மகள். மண்ணெடுக்கிறவன் எத்தனை பேர் வந்து கேட்டான் தெரியுமா?"

"மண்ணெடுக்க வரல்ல, காக்கா. மண்ணோட ஒண்டக் கொண்டுவந்தீக்கிறோம்."

கதையைச் சொன்னேன். பேராசிரியர் குழாயைப் பிடித்தபடி வெயிலில் நின்றார். காக்கா குனிந்து மூடியைப் பார்த்தார். பிறகு பேராசிரியரைப் பார்த்தார்.

"இதுட ஊரும் இதுதானே. நாங்க திரும்பி வரல்லையா? கபுறுகளத் தள்ளி, அங்கால மேட்டில வைங்க" என்றார்.

குழியைக் காக்காவே தோண்டினார். குழாயை இறக்கி, சுற்றிலும் மணலை நிரப்பி, குழாயை மட்டும் மெல்ல உருவினேன். மூடி நிலத்தோடு நிலமாக நின்றது. பேராசிரியர் கதிரை வேண்டாம் என்று மணலிலேயே உட்கார்ந்தார். வெயில் சாய்ந்தது. மூடியின் ஓரம் நூலளவு மேலெழுந்தது. இரண்டு கால்நுனிகள் வெளியே வந்து நாலு மணற்பருக்கைகளை இழுத்தன. மூடி மூடிக்கொண்டது.

"போவம், பிள்ளை" என்றார்.

அடுத்த மாரி வருவதற்கு முன் அவர் குண்டசாலை வீட்டில் காலமானார். செய்தியை எழுதிய பத்திரிகை அந்தச் சிலந்தியின் பெயரைப் பிழையாகப் போட்டிருந்தது.

நான் பிறகு அங்கே போகவில்லை. மூட்டு வலி, தூரம் என்று காரணம் சொல்லிக்கொள்கிறேன். போனால் மூடியைத் தேடுவேன், தேடினால் காணமாட்டேன் என்ற பயம்தான். காசிம் காக்கா மட்டும் வருடத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடுவார். நான் கேட்டுக்கொண்டபடி, அங்கே முதல் மழை விழுந்த மறுநாள். மையவாடி மேட்டில் எங்கள் கண்ணுக்குத் தப்பிய குஞ்சு ஒன்றாவது இருந்திருந்தால், அது ஆணாகவும் இருந்திருந்தால், அது வெளியே இறங்கி நடக்கிற நாள் அதுதான்.

"நேத்து மழை, மகள்" என்பார்.

"மேட்டு மணல் நனைஞ்சிச்சா, காக்கா?"

"நல்லா நனைஞ்சிட்டு."

சலாம் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு, அன்று பகல் முழுக்க நான் ஒரு வேலையும் செய்வதில்லை.